வெளியேறுவதற்கு முன்னால் ஒரு வேலை

மகனுக்கு அம்மா எழுதுவது. நலம் விசாரிக்கிற வரிகளைக் கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் எழுதுகிறேன். இப்போது இருக்கிற கோபத்தில் ‘நீ நலமா’ என்று எழுதினாலும் அது திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டாய். “அம்மா, அந்த சைட்ட விட்டு வெளிய வந்துடலாமான்னு பாக்குறேன். அதாலதான் நம்ம குடும்பத்துல நிம்மதியே போச்சு. நீ என்னாம்மா சொல்ற?” நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, மோரும் இல்லை. பதில் இருந்தது. அதைப் போனில் சொல்கிற தைரியம்தான் இல்லை. பதினெட்டு வருஷம் சத்துணவுக் கூடத்துப் பதிவேடுகளை எழுதிப் பழகிய கை இது, எழுத உட்கார்ந்தால் சீக்கிரம் நிற்காது. நீயும் படித்து முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.

நீயும் உன் தங்கச்சி சுதாவும் பேசி ஐந்து மாதம் ஆகிறது. உன் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நின்றுபோன பேச்சு. அவள் அந்தச் சைட்டில் எழுதிய மூன்று வரியால்தான் மாமா வீட்டு உறவு அறுந்தது என்கிறாய். சைட்டை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற புத்தி உனக்கு உங்கப்பா வழியில் வந்தது. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இந்த மாதிரிச் சைட்டுகளுக்கும் எனக்கும் பகை இன்று நேற்று வந்ததில்லை. நீ சிதம்பரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்தபோது ஒரு சனிக்கிழமை வஞ்சிரம் வறுத்து, ரசம் சோறு கட்டி எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் வாசலில் பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு வாட்ச்மேன் பாவப்பட்டு, “அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டாண்ட பிரவுசிங் சென்டர்ல இருப்பான், அங்க போய்ப் பாருங்கம்மா” என்றார். தூக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு செருப்புக் குவியல், உள்ளே ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு ஒரு துணி. உன் செருப்பை அடையாளம் கண்டுபிடித்துத்தான் உன்னையே கண்டுபிடித்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒரு நிமிஷம்மா, ஒருத்தன் ஃபிரெண்டா சேத்துக்கச் சொல்லிக் கேட்டிருக்கான்” என்றாய். யாருடா அவன் என்றேன். “தெரியலம்மா. பிரேசில்காரன்.” பெற்றவள் வாசலில் காய்கிறாள், இவன் பிரேசில்காரனை உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறான். குடையால் முதுகில் ஒன்று வைத்தேன். பக்கத்துத் தடுப்பிலிருந்தவன் சிரித்தான். அவனுக்கும் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பழைய சைட்டு செத்தது, நீ இப்போது விடப் பார்க்கிற இது வந்தது, நீயும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இங்கே குடிவந்தாய். இங்கே உனக்கு அறுநூறு பேர் சொந்தம் என்று பெருமையாகச் சொன்னாய். உன் கல்யாண மண்டபத்தில் அந்த அறுநூறில் எத்தனை பேர் வந்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உனக்கு வலிக்கும். இல்லை, வலிக்கட்டும். ஒருத்தன்கூட வரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கினவன் நம் தெரு ஆட்டோக்காரன். அவனுக்கு அந்தச் சைட்டு கறுப்பா சிவப்பா என்றே தெரியாது.

இனி கல்யாணப் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சாயந்திரம் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. மறுநாள் குலதெய்வத்தின் காலடியில் ஒன்றை வைத்துவிட்டு, அடுத்த பத்திரிகை சேத்தியாத்தோப்பில் உன் தாய்மாமன் கையில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊருக்கு என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா? சொன்னேன். நீ தலையாட்டினாய். தலையாட்டிக்கொண்டே செல்போனில் படம் பிடித்து, மஞ்சள் தடவின ஈரம் காய்வதற்குள் அதைச் சைட்டில் போட்டு, அறுநூறு பேரையும் அழைத்துவிட்டாய். அதில் மாமா மகன் செந்தில் பேரையும் கோத்துவிட்டாய். அவன் லைக் போட்டான். “செந்தில் லைக் போட்டுட்டாம்மா, அப்ப மாமாவுக்குத் தெரிஞ்ச மாரிதான்” என்றாய். படித்த பிள்ளை பேசுகிற பேச்சு!

செந்தில் அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவர் தெரிந்துகொண்டது எப்படித் தெரியுமா? சனிக்கிழமை காலையில் அவருடைய உரக்கடைக்கு பக்கத்து ஊரிலிருந்து யூரியா வாங்க வந்த ஒரு ஆள், “என்னா, உங்க தங்கச்சி மவனுக்குக் கல்யாணமாமே, எம்பையன் போன்ல காட்னான்” என்றிருக்கிறார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். உன் மாமா, “ஆமா ஆமா, தேதி வெச்சாச்சி” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்குத் தேதி தெரியாது. சொந்த மருமகன் கல்யாணத்தை ஊரான் வாயால் கேட்டது ஒரு அடி என்றால், அது தனக்கு முன்பே தெரியும் என்று பொய் சொல்ல வேண்டி வந்தது அதைவிடப் பெரிய அடி.

இதில் என் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை போயிருக்க வேண்டியவள் நான். சத்துணவுக் கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். நீ சைட்டில் போட்டது வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். அப்போதே பஸ் ஏறியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கூடப்பிறந்தவர்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்கிற திமிர். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போய் நின்றபோது அண்ணிதான் வாங்கிக்கொண்டார். அண்ணன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். தலைவலியாம்.

அவர் யார் என்பதை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 2004-ல் கடல் உள்ளே வந்த அன்றைக்கு நாம் கடலூர் முதுநகரில் இருந்தோம். ஆளாளுக்கு ஓடினோம். நான் உங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் போய் உட்கார்ந்தேன். போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வந்தார். மொபெட்டில்தான் கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் போலீஸ் மறித்ததால் வண்டியை யார் வீட்டிலோ போட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையாகப் படுக்கவைத்திருந்தவர்களின் முகத்துணியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாடிப்படியில் நம்மைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. “ஒரு ஆள் கிட்டயாவது சொல்லி அனுப்ப மாட்டியா? அறிவு கெட்டவளே!” என்று கத்தினார். அவருக்கு எல்லாமே நேரில்தான். கோபமும் நேரில்தான். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய்.

அப்படிப்பட்டவர் உன் கல்யாணத்துக்கு வந்தார். வராமல் இருந்தால் ஊர் பேசும் என்று வந்தார். மணவறையில் ஏறி உன் நெற்றியில் பட்டம் கட்டினார். போட்டோவுக்கு நின்றார். இறங்கி நேராகச் செருப்பு மாட்டினார். சுதா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, “இலை போட்டாச்சி மாமா, ஒரு வாயி சாப்ட்டுட்டுப் போ” என்று கெஞ்சினாள். தாய்மாமன் வந்து கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று பந்தியில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் மாமனார் வீட்டார் முன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பத்து நாள் ஆகியும் ஆறவில்லை.

இனி எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சுதா பி.எட். ஃபீஸ் விஷயமாக வெளியே போயிருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் அந்தச் சைட்டு திறந்தபடி இருந்தது. கல்யாணப் படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று உட்கார்ந்தேன். முதல் படமே செந்தில் போட்டது. உனக்கு மாமா பட்டம் கட்டுகிற படம். கீழே ஆளாளுக்குப் புகழ்ச்சி. மாமான்னா இப்படி இருக்கணும், பாசக்கார மனுஷன், தங்கமான மனுஷன். என் வீட்டுச் சோற்றைத் தொடாமல் போனவருக்கு இவ்வளவு பாராட்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது.

எழுதினேன். நான்தான் எழுதினேன், சுதா இல்லை. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. “பட்டம் கட்ட வந்த கைக்குச் சோறு தொட மனசில்லை. தங்கச்சி வீட்டை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தியாச்சு. போட்டோவுக்கு மட்டும் நல்லா நிக்கத் தெரியுது உங்கப்பாவுக்கு.” கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. வாயில் வருவது ஒரு நொடி. இது முக்கால் மணி நேரம். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தும் எழுதினேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

அது சுதாவின் பேரில் போயிற்று. அவள் படம், அவள் பேர், என் நாக்கு. சாயந்திரத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் பதில் எழுதிவிட்டார்கள். செந்திலின் சிநேகிதர்கள் அந்தப் பெண்ணை எழுதாத வார்த்தை இல்லை. இந்த வாய்க்கு எவன் வந்து வாழ்க்கை கொடுப்பான் என்று ஒருத்தன். அவளை நேரில் பார்த்தேயிராதவன். சுதா வந்தாள், படித்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உன் போன் வந்தது. நீ கத்தினது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. “உனக்கு அறிவிருக்கா? மாமாவ இப்டி எழுதுவியா? யாருடி உனக்கு இந்தத் தைரியம் குடுத்தது?” அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன். அப்போது அவள் சொன்னாள், “ஆமாண்ணா, நான்தான் எழுதினேன்.” ‘நீ இனிமேல் எனக்குத் தங்கச்சியே இல்லை’ என்று சொல்லி, அந்தச் சைட்டிலிருந்தும் அவளை நீக்கினாய், போனிலிருந்தும் நீக்கினாய்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். பயம். உங்கப்பா போன பிறகு எனக்கு மிச்சம் இருக்கிற ஆண்பிள்ளை நீ. இவ்வளவு கத்துகிறவன் என்னையும் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று நடுங்கினேன். சுதாவா, பெண்பிள்ளை, தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஐந்து மாதம் ஓட்டினேன். நடுவில் மங்கலம்பேட்டையிலிருந்து சுதாவைப் பார்க்க வருவதாக இருந்த வரன் வரவில்லை. தரகர் நெளிந்து நெளிந்து கடைசியில் சொன்னார். “பொண்ணுக்கு வாய் ஜாஸ்தின்னு பையன் எதையோ படிச்சானாம்மா. வேற ஒண்ணும் இல்ல.” அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. சுதா கோலமாவு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, “பரவால்லம்மா” என்றாள்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் கடையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். “அண்ணே, அத எழுதுனது சுதா இல்ல. நான்.”

“தெரியும்” என்றார்.

“எப்டிண்ணே தெரியும்?”

“சாப்டாம போறியே மாமான்னு கையப் புடிச்சிகிட்டு அழுத புள்ள அது. அதுவா எழுதும்? உன் நாக்க நான் அம்பது வருசமா பாக்குறேன்.”

அவரே மேலே பேசினார். “கை நனைக்காம போனது என் தப்பு. அதுக்கு நீ திட்டுனது சரிதான், வாங்கிக்கிறேன். கூடப் பொறந்தவ திட்டாம வேற எவ திட்டுவா? ஆனா வயசுப் பொண்ணு மேல அதத் தூக்கிப் போட்டுட்டு அஞ்சு மாசம் எப்டி சோறு எறங்குச்சி உனக்கு? அவள என்னென்னா எழுதியிருக்கானுவோ, படிச்சியா?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டுமா சும்மா இருந்த?”

என் அண்ணன் என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கு அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. சுதா கல்யாணத்துக்கு நீ வரணும்ண்ணே என்று அழுதேன். அவர் மூட்டையிலிருந்து எழுந்து நின்றார். “அவளுக்கு வருவேன். நீ கூப்புடாட்டியும் வருவேன், சாப்பிட்டுட்டும் போவேன். உன்கிட்ட நான் பேசணும்னா மொதல்ல எழுதுன எடத்துல போய்ச் சொல்லு. ஊர் பாக்க அவள அசிங்கப்படுத்திட்டு, இங்க வந்து என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா?” அதற்கு மேல் நிற்க எனக்கு மனசு வரவில்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். இப்போதைக்கு நீ அதை விட்டு வெளியேறக் கூடாது. கலகம் மூட்டினவர்கள் இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டால், எழுதினது மட்டும் அங்கேயே கிடக்கும், அந்தப் பெண்ணின் பேரில். முதலில் இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படம் பிடித்து, செந்தில் போட்ட அந்தப் படத்துக்குக் கீழேயே போடு. பத்திரிகைக்கு அறுநூறு பேரைக் கோத்தாய் அல்லவா, அவர்களையும் கோத்துவிடு. பதில் எழுதின நாற்பத்து மூன்று பேரும் படிக்கட்டும், மங்கலம்பேட்டைக்காரனும் படிக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும். ஐம்பத்து மூன்று வயசில் எனக்கு மாப்பிள்ளையா பார்க்கப் போகிறார்கள்? உனக்கு வெட்கமாக இருந்தால் அதையும் தாங்கிக்கொள். தங்கச்சியை ஒரு வார்த்தை விசாரிக்காமல் அறுத்துப் போட்டவன் நீ, அந்த அளவுக்காவது உனக்கும் பங்கு இருக்கட்டும். அதற்குப் பிறகு நீ அங்கே இரு, வெளியேறு, பிரேசில்காரனோடு குடித்தனம் நடத்து, அது உன் பாடு.

ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் சுதாவுக்குப் போன் பண்ணு. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். ‘அம்மா ஒத்துக்கிட்டா’ என்று மட்டும் சொல். ஐந்து மாதமாக அவள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.